யாரும் போடாத முடிச்சு

இது நடந்தது. நம்பாதவர்கள் என் இடது கைச் சுண்டுவிரலைப் பார்த்துக்கொள்ளலாம். இன்றுவரை அது நிமிரவில்லை. பேய் இருட்டில்தான் வரும் என்று உங்களுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில். மதியச் சாப்பாடு முடிந்து ஊரே கொட்டாவி விடும் நேரத்தில்.

2003, ஜூலை. அப்பா புனே பக்கம் தாபோடியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சமூகப்பணி படித்துவிட்டுப் புனேயில் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்திருந்தேன். மனநல இல்லங்களில் அடைபட்ட பெண்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, உள்ளே அவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும். அதுதான் வேலை. தளேகாவ் பக்கம் ஒரு தனியார் இல்லத்துக்கு நானும் ரியாவும் போனோம். ரியா புனேயின் கேம்ப் பகுதியில் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் அவள் வாயில் நொண்டியடித்துத்தான் வரும்.

அந்த இல்லத்தில் வேதநாயகி ஒருத்திதான் தமிழ். புருஷன் கொண்டுவந்து விட்டுப் போய்ப் பதினொரு வருஷம். அவள் பேசியது அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. உளறுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டதும் என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

அவளுடைய இரண்டு மணிக்கட்டிலும் கட்டிய தடம். புதுத் தடம். தோல் உரிந்து நீர் கோத்திருந்தது.

"யாருக்கா கட்டினது?"

"கமலா மாவ்ஷி. மூடின வார்டுல, ஒம்பதாம் நம்பர் கட்டில்ல."

மாவ்ஷி என்றால் அங்கே ஆயா. நாங்கள் பேசிய மற்றப் பெண்களும், இந்தியிலும் மராத்தியிலும், அதே பெயரைத்தான் சொன்னார்கள்.

வேதநாயகி என் காதருகே வந்தாள். "ஒண்ணு சொல்றேன். அவ கட்டும்போது கைய இறுக்கி மூடிக்கோ. அப்புறம் தொறந்தா கட்டு தளரும்."

"இத எதுக்குக்கா எனக்குச் சொல்றீங்க?"

"வேற எவளுக்குப் புரியுது இங்க? பதினோரு வருஷமா செவுத்துக்கிட்டதான் சொல்லிட்டிருக்கேன்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இன்னொரு தடவ அதுல போட்டா உசுரோட வர மாட்டேன். என்னை வெளிய எடுத்துரு."

எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

செயலாளர் ஜோக்ளேகர் மேடம் ஆங்கிலத்தில் வழவழவென்று பேசினார். கமலா என்று அவர்களிடம் யாரும் வேலையில் இல்லையாம். நாலு வருஷமாக ஒரு ஊழியரும் ஒருத்தியையும் கட்டவில்லையாம். அந்த வார்டு பூட்டியே கிடக்கிறதாம். தடமா? வளையல் அரித்திருக்கும். திங்கட்கிழமை விசாரணைக் குழு வருகிறது, அவர்களிடம் சொல்லுங்கள், ஆனால் இந்தப் பெண்கள் சொல்வதற்கு என்ன ஆதாரம்?

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பட்டுப் புடவை கட்டிய மேடம் சொன்னால் வாக்குமூலம், வேதநாயகி சொன்னால் உளறல். அந்த ஆத்திரத்தில்தான் அந்த யோசனை வந்தது. அந்தக் கட்டிலில் நானே படுத்துப் பார்ப்பது. கட்டிப்போட்டால் எப்படி இருக்கும் என்று என் உடம்பிலிருந்து எழுதுவது. பட்டம் வாங்கியவள் பேச்சையாவது கேட்பார்கள் இல்லையா.

வியாழக்கிழமை. புனேயில் வியாழன் என்றால் கரண்ட் இருக்காது. வெளியே மழை. ஷெவந்தா என்கிற இளம் மாவ்ஷியிடம் கெஞ்சிச் சாவி வாங்கினேன்.

"பார்த்துட்டு உடனே வந்துடுங்க தாயி," என்றாள் இந்தியில். தாயி என்றால் மராத்தியில் அக்கா. "படுத்துடாதீங்க."

உள்ளே பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள். எல்லாவற்றிலும் விரல்கனத்துக்குத் தூசி. ஒன்பதாவதில் மட்டும் இல்லை. சட்டம் துடைத்துவைத்த மாதிரி மினுங்கியது.

"நீ மேட் ஆயிட்ட, சியாமளா," என்றாள் ரியா.

"சரியான இடத்துலதான இருக்கேன். கட்டு."

எங்கள் இரண்டு பேருடைய துப்பட்டாவாலும் ஒன்பதாவது கட்டிலில் படுத்த என் இரண்டு கைகளையும் சட்டத்தோடு கட்டினாள். இழுத்தால் வந்துவிடும் முடிச்சு. "ஃபைவ் மினிட்ஸ். அதுக்கு மேல நோ." கதவருகே போய் நின்றாள். அப்போது ஆபீஸிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், ரியாவுக்குப் போன். "டூ மினிட்ஸ்ல வரேன்," என்று ஓடினாள்.

மணி இரண்டு பத்து.

முதலில் வாசனைதான் வந்தது. மிஷ்ரி. பல் தேய்க்கிற கருக்கிய புகையிலைப் பொடி. வாய்க்கு மிக அருகில், சூடான மூச்சோடு…

பிறகு வளையல். கண்ணாடி வளையல். கலகல… கலகல… கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு.

"ஷெவந்தா?" என்றேன்.

வளையல் நின்றது.

இடது கைக் கட்டு இறுகியது. நான் இழுக்கவில்லை. அது தானாக இறுகியது. கட்டிலுக்கு அடியில், விரல் எட்டாத இடத்தில், யாரோ முடிச்சுப் போடும் இழுப்பு. ஒன்று. இன்னொன்று.

வேதநாயகி சொன்னது ஞாபகம் வந்தது. கையை இறுக்கி மூடினேன்.

அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கன்னத்தில் அறை விழுந்தது. பல்லில் உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. அறைந்த கை தெரியவில்லை. கண் முன்னால் கூரை மட்டும்.

என் விரல்களைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக. பெருவிரல்… ஆள்காட்டி… நடுவிரல்… மோதிரவிரல்…

சுண்டுவிரலை நான் விடவில்லை.

ஒடித்தாள்.

சத்தம் கேட்டது. காய்ந்த குச்சி மாதிரி. கத்த வாய் திறந்தேன். ஈரத் துணி முகத்தில் அப்பியது. மூக்கு… வாய்… எல்லாம் தண்ணீர்.

"கப்ப," என்றது குரல். மராத்தியில், சத்தம் போடாதே. பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி. "கப்ப… கப்ப…"

உள்ளங்காலில் அடி.

இன்னொரு அடி.

இன்னொன்று…

ரியா வந்தபோது அவள் கடிகாரத்தில் இரண்டு பதினாலு. கதவு அவள் விட்டுப்போனபடியே திறந்திருந்ததாம். என் முகத்தில் துணி இல்லை. ஆனால் தலையணை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எங்கள் துப்பட்டாக்கள் மடித்துக் கால்மாட்டில் வைக்கப்பட்டிருந்தன. என் கைகளைக் கட்டியிருந்தது கிழித்த வெள்ளைப் புடவைப் பட்டை. அவிழ்க்க முடியாமல் கத்திரிக்கோலால் வெட்டினாள்.

திங்கட்கிழமை விசாரணைக் குழு முன்னால் மாவுக்கட்டுப் போட்ட கையோடு நின்றேன். உதடு வீங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களைக் கட்டியது யார்?"

ரியாவுக்குப் பொய் வராது. அழுதுகொண்டே சொன்னாள், "நான்தான் சார்."

அவ்வளவுதான். கட்டியது சிநேகிதி. அடித்தவளை யாரும் பார்க்கவில்லை. புகார் தள்ளுபடி. ஜோக்ளேகர் மேடம் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "ரெஸ்ட் எடு பேட்டா, மனசுக்கு நல்லது," என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். உள்ளே இருக்கும் பெண்களோடு அவர் பேசுகிற குரல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேதநாயகி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அதன் பிறகு உள்ளே அனுமதி இல்லை.

வக்கீலைத் தேடி அலைந்தேன். மனு எழுதினேன். செப்டம்பரில் ஒருநாள் தளேகாவ் ஸ்டேஷனில் ஷெவந்தாவைப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டாளாம்.

"கமலா எங்க இருக்கா?" என்று கேட்டேன்.

"செத்து நாலு வருஷம் ஆச்சு தாயி. ஒம்பதாம் நம்பர்ல ஒருத்தியக் கட்டும்போது மார வலிச்சு விழுந்தா. கையில துணிப் பட்டையோட."

"அப்புறம் யார் கட்டறா?"

"யாரும் இல்ல. அடங்காதவங்கள உள்ள தள்ளிப் பூட்டுவோம். காலைல திறப்போம். எங்க கை படவே படாது. மேடத்துக்கு எல்லாம் தெரியும்."

நாலு வருஷமாக ஒரு ஊழியரும் யாரையும் கட்டவில்லை. ஜோக்ளேகர் மேடம் சொன்னது முழு உண்மை.

"வேதநாயகி?"

ஷெவந்தா தண்டவாளத்தைப் பார்த்தாள். "குழு வந்துட்டுப் போன அன்னிக்கே உள்ள போட்டாங்க. காலைல மூச்சு இல்ல. பத்து வெரலும் ஒடஞ்சிருந்தது."

லோக்கல் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

"இன்னொண்ணு தாயி. அதுக்கப்புறம் புதுசா மூணு பொண்ணுங்க வந்தாங்க. வேதநாயகியப் பார்த்ததே இல்ல. அதுங்கள உள்ள போட்டப்போ… கமலாவுக்கு முன்னாடியே இன்னொருத்தி வந்து கட்டில் பக்கத்துல உக்கார்றாளாம். ஏதோ பாஷையில ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்றாளாம். மூணு பேரும் அதயேதான் சொல்றாங்க. எங்க யாருக்கும் அர்த்தம் தெரியல."

"என்ன சொல்றாளாம்?"

தமிழ் ஒரு வார்த்தை தெரியாத அந்த மராத்திப் பெண், யோசித்து, தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"கைய… இறுக்கி… மூடிக்கோ."