பன்னத் தளிர்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வெக்ஸ்போர்ட் பகுதிக் கடையொன்றில் இன்று சுருண்ட பன்னத் தளிர்களை, அதாவது பெரணிச் செடியின் இளந்தளிர்களை, குவித்திருந்தார்கள். என் எட்டு வயதில் அம்மா அதில் தேங்காய்ப்பூச் சேர்த்து வறை செய்து, லாவோஸ் மலைகளின் கும்மு இனத்தவரான பக்கத்து வீட்டு அங்கிளுக்குக் கொண்டுபோனார். அங்கிள் தொடவில்லை. பன்னம் அவர்களின் குலப்பெயர், தந்தைவழியில் வருவது. அக்குலத்தார் அதை உண்ணக்கூடாது என்று அவருடைய மகன் கெவின் ஆங்கிலத்தில் விளக்க, நான் தமிழில் சொன்னேன்.

“ஐயோ, தெரியாமல் செய்துபோட்டன். குடுங்கோ, கொண்டுபோறன்,” என்று அம்மா தட்டுக்குக் கை நீட்டினார்.

“வேண்டாம் அன்ரி, நல்லாயிருக்கு,” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தபடியே கெவின் தின்றான்.

மேல்மாடியில் இருக்கும் மொங் இன நண்பருடன் லாவோஸின் பொதுமொழியான லாவோவே பேசும் அங்கிள், அன்று தம் கும்மு மொழியில் மெல்ல ஏதோ சொன்னார்.

“அப்பா என்ன சொன்னவர்?” என்று கெவினிடம் கேட்டேன்.

“தெரியாது,” என்றான், விரல்களை நக்கிக்கொண்டு.