ஊருக்குக் கட்டிய பெட்டி

போன கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் என் ஐந்து வயது மகள் ஜெனியைத் தொலைத்தேன். எப்படித் தொலைத்தேன் என்று இந்தச் சபை முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இதே கந்தர்வக்கோட்டையில், முந்திரித் தோப்புப் பக்கம் நாங்கள் கட்டிய வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. திருட்டுப் பயத்துக்கு நடுவீட்டில் ஒரு கேமரா வைத்தோம். மஸ்கட்டில் இருந்தபடி நாள் முழுக்க அதைப் போனில் பார்ப்பேன். சமைக்கும்போதும் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பேன். பல்லி கத்தும். காற்றுக்குக் கதவு முனகும். ஆளில்லாத அந்த வீட்டில் யாரோ நடமாடுகிற மாதிரி இருக்கும். அது நான்தானோ என்று சில நேரம் பயந்திருக்கிறேன்.

ஜெனி கூப்பிட்டால், "இரு பாப்பா, வீட்டைப் பாத்துட்டு வாரேன்" என்பேன்.

"இது வீடு இல்லையாம்மா?" என்று ஒரு நாள் கேட்டாள். நான் போனில் சத்தத்தை இன்னும் கூட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மீன் வாங்கப் போன என் வீட்டுக்காரர் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. நான் போனிலிருந்து தலை நிமிர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. பிள்ளையைக் காணோம். படிக்கட்டு, லிப்ட், கார் நிறுத்துகிற இடம் எல்லாம் கத்திக்கொண்டே ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரோட்டில் தேடினார்கள். வெளியே நெருப்பு வெயில். திரும்பி வந்து அடுப்படியில் முழங்கால் போட்டேன். போனில் அந்த வீடு இரைந்துகொண்டே இருந்தது. முதல் தடவையாக அதை அணைத்தேன்.

"ஆண்டவரே, எனக்கு அந்த வீடு வேண்டாம். என் பிள்ளையைக் கொடும்."

போன் ஓய்ந்த அந்த அமைதியில், பால்கனியில் எவர்சில்வர் பாத்திரம் உரசுகிற சத்தம் கேட்டது.

ஊருக்கு அனுப்பக் கட்டி, இன்னும் மேலே ஒட்டாமல் வைத்திருந்த பெரிய அட்டைப்பெட்டிக்குள், புதுப் பாத்திரங்களுக்கு நடுவே சுருண்டு கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. கண் சொருகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில், "ஏன்டி பெட்டிக்குள்ள போனே?" என்று கேட்டேன்.

"அந்த வீட்டுக்குப் போயிட்டா நீ என்னையவே பாத்துக்கிட்டு இருப்பேல்ல."

இந்த லீவில் வந்து கேமராவைக் கழற்றிவிட்டேன். வீட்டில் ஒரு டீச்சர் குடும்பம் குடிவந்திருக்கிறது. இன்னமும் சில சமயம் அந்தக் கதவு என் காதுக்குள் முனகுகிறது, கை தானாகப் போனைத் தேடுகிறது. அப்போதெல்லாம் ஜெனியை இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன். வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருந்துகொண்டு மனசை வேறெங்கோ அலையவிடுகிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அவரிடம் கேளுங்கள். அந்தப் பாத்திரச் சத்தத்தை எனக்குக் கேட்க வைத்தவர் உங்களுக்கும் கேட்க வைப்பார்.

காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது ஜெனி கேட்டாள், "அம்மா, நம்ம வீட்டுக்கு எப்பப் போவோம்?"

மஸ்கட்டைச் சொன்னாள். "நாளான்னைக்கு" என்றேன். ஆண்டவருக்கு நன்றி.