அழித்த வீடியோவும் அழியாத குட்டிப் படங்களும்

போன சனிக்கிழமை, மகளின் நிச்சயதார்த்த வீடியோவை எங்கள் வீட்டு மீடியா சர்வரில் ஏற்றப் போனேன். ராசா என்கிற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டிதான் அது. குடும்ப வீடியோ, சினிமா எல்லாம் அதற்குள்தான். பெட்டி என்ன சொன்னது தெரியுமா? இடமில்லையாம்!

அவ்வளவு பெரிய டிஸ்க்... எப்படி நிறையும்? எனக்கு உடனே வீட்டுக்காரர் மேல்தான் சந்தேகம். ரிட்டையர் ஆன நாளிலிருந்து அந்தப் பெட்டிக்கு அவர்தான் கங்காணி.

“என்னத்தப் போட்டு ரொப்பி வெச்சிருக்கீங்க?”

“நான் ஒண்ணும் போடல லா. எல்லாம் தம்ப்நெயில்.”

வீடியோவை முன்னே தள்ளும்போது, எந்தக் காட்சி என்று காட்ட ஒரு குட்டிப் படம் வருமே – அதுதானாம். நகம் அளவு படம் டிஸ்க்கையே தின்றுவிடுமா? யாருக்குக் காது குத்துகிறார்?

அவர் காய்கறி வாங்கப் பசாருக்குப் போன நேரம் பார்த்து லேப்டாப்பைத் திறந்தேன். அட, சொன்னது நிஜம்தான்! சில வினாடிக்கு ஒரு படம் என்று எல்லா வீடியோவுக்கும் சர்வரே எடுத்து வைத்திருக்கிறது. நம் கல்யாண வீடியோக்கள் லேசில் முடிகிறவையா? தாலி கட்டுவதற்குள் மூட்டை மூட்டையாய்ச் சேர்ந்துவிடும். பாவம் மனுஷன் என்று மூடப் போனேன்.

கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு ஃபோல்டரில் என் அப்பா!

அண்ணன் கல்யாணத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார். சத்தமில்லாத படம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால், அந்த வீடியோ எங்களிடம் கிடையாதே...

அப்பா போன பிறகு, அவர் குரல் இருக்கும் ஒரே வீடியோ அதுதான் என்று அண்ணியிடம் கேட்டிருந்தேன். அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை. கோலா சாவா ஊரில் இருக்கும் எங்கள் அப்பா வீட்டில் எல்லாம் அண்ணி பொறுப்புதான். “உன் வீட்டுக்காரர்கிட்ட அப்பவே குடுத்துட்டேனே” என்றார். இவரோ, “தரவே இல்ல” என்று சத்தியம் செய்தார். நான் அண்ணியைப் பொய்க்காரி என்றேன். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. தீபாவளிக்குக்கூடப் போகவில்லை.

வீடியோவை அழித்தாலும், தனியாகச் சுத்தம் செய்யும்வரை அதன் தம்ப்நெயில் அங்கேயே கிடக்குமாம். காய்கறிப் பையோடு வந்தவரிடம் திரையைக் காட்டினேன். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“புட்போல் மேட்ச் ஏத்த எடம் பத்தல... தெரியாம அழிச்சிட்டேன். நீ அழுத அழுகையில சொல்லப் பயமாப் போச்சு லா.”

வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அண்ணிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“எங்கிட்ட இன்னொரு காப்பி இருக்கு” என்றார் அண்ணி.

“அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணி?”

“குடுத்தேன்னு சொன்னத நம்பல. நம்பாதவளுக்கு ரெண்டாவது தடவ எதுக்குக் குடுக்கணும்? சரி, இப்ப வா. சாப்பிட்டுட்டு வாங்கிட்டுப் போ.”

சந்தேகப்படுவது தப்பில்லை. ஆனால், ஒரு பொருள் காணோம் என்றால், வீட்டுக்கு வாழ வந்தவள் மேல் ஏன் முதலில் பாய்கிறோம்? எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நாளைக்குக் கோலா சாவாவுக்குக் கிளம்புகிறோம். காரை அவர் ஓட்டட்டும். திரும்பும்போது, அப்பா வீடியோ இருக்கும் பென்டிரைவ் என் கைப்பையில்தான் வரும்!