நிறுத்தக்கா

ஆலைக்குள் நுழைந்தால், ஓடும் பம்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் அவர் யாருக்கும் வணக்கம் சொல்வார். சூடு சரியாக இருந்தால் தலையை லேசாக ஆட்டிவிட்டு அடுத்த பம்புக்கு நகர்வார். "உள்ளங்கையை வச்சா, கரண்டு கசிஞ்சிருந்தா கை அப்படியே கவ்விக்கும். புறங்கைன்னா உதறிக்கலாம்" என்று, அவரைப் பார்க்கப் போயிருந்த எனக்கு விளக்கினார். வயது ஐம்பத்தாறு. இரைச்சலில் பழகிய தொண்டை, வீட்டிலும் அதே உரத்த குரல்தான். "இவ உப்பு கேட்டா தெருவே எடுத்துட்டு வரும்" என்பது கணவரின் புகார்.

சாயப்பொருள் தயாரிக்கும் இந்த ஆலைக்கு வந்த முதல் பெண் ரசாயனப் பொறியாளர் அவர். நேர்முகத் தேர்வில் அன்றைய மேலாளர், "இங்க லேடீஸுக்கு டாய்லெட் கூட கிடையாதும்மா" என்று கையை விரித்தார்.

"கட்டுங்க சார். ப்ளான் நான் போட்டுத் தரேன்."

வேலை கிடைத்தது, ஆனால் ஆய்வுக்கூடத்தில். கண்ணாடிக் குழாய் கழுவவா படித்தோம் என்று மேலாளரின் அறை வாசலில் தினமும் போய் நின்றார். தொல்லை தாங்காமல்தான் இயந்திரப் பகுதிக்குள் விட்டார்கள். கழிப்பறை அதற்கும் பிறகு வந்தது.

உள்ளே போன மறுவருடம் சாயம் காய்ச்சும் கலன் ஒன்றில் சூடு ஏறிக்கொண்டே போனது. குளிர்நீரை முழுக்கத் திறந்துவிட்டும் இறங்கவில்லை. யாரையும் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. கலனில் இருந்ததையெல்லாம் அவசரத் தொட்டியில் இறக்கிவிட்டார். அத்தனை சரக்கும் பாழ்.

"யாரைக் கேட்டு நிறுத்தின?" என்று மேலாளர் குதித்தார்.

"சரக்கை மறுபடி காய்ச்சிக்கலாம் சார். ஆளைக் காய்ச்ச முடியாது."

கலனைப் பிரித்துப் பார்த்தபோது குளிர்நீர்க் குழாய் முக்கால்வாசி அடைத்துக் கிடந்தது. மேலாளர் பாராட்டவில்லை, திட்டுவதை மட்டும் விட்டுவிட்டார். தொழிலாளர்கள் அன்றைக்கு வைத்த பெயர்தான் 'நிறுத்தக்கா'. ஆலைக்கே தலைவரான பிறகும் அது மாறவில்லை.

நான் போயிருந்த அன்று ஒரு கலனின் பாதுகாப்பு வால்வு இறுகிப்போயிருந்தது. அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்துகொள்ள வேண்டியது அது. நிறுவனத்தின் இளம் இயக்குநர் பரபரத்தார்.

"ஒரே ஒரு தடவை ஓட்டிடலாம் மேடம். சரக்கு கேட்டவன் கழுத்தைப் பிடிக்கிறான்."

"புது வால்வு வரட்டும்."

"சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டும்."

"நான் சொன்னா இவங்க ஓட்டுவாங்க" என்று இயக்குநர் தொழிலாளர்கள் பக்கம் திரும்பினார்.

வால்வு மாலையில்தான் வந்தது. பூட்டிச் சோதித்த பிறகே கலன் ஓடியது. அதற்கு முன் ஓட்ட யாருக்கும் வழி இருக்கவில்லை. இயக்குநர் அப்படிச் சொன்னதுமே நாற்காலி ஒன்றை இழுத்துவந்து, அந்தக் கலனின் ஸ்விட்ச் பலகைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, நிறுத்தக்கா நிதானமாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.