நிற்காத முள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, தருவைகுளத்தைத் தாண்டி, உப்பளங்களுக்கு அப்பால் உடைமரக் காட்டுக்குள் இருந்த ஒரு எரிவாயுக் கிணற்றில் நடந்தது இது. அப்போது நான் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சொந்த ஊர் புன்னைக்காயல். அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

அந்தக் கிணற்றில் ஆபரேட்டராக இருந்தவர் காயல்பட்டினத்துக்காரர். எல்லோரையும் போல நானும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவேன். அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். பத்து வருடம் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளில் உழைத்துவிட்டு, இனி போவதில்லை என்று திரும்பி வந்திருந்தார். அப்படி வந்து முதல் தடவை வீட்டுக்குள் நுழைந்தபோது மூன்று வயது மகள் அவரை "மாமா" என்று கூப்பிட்டாளாம். அதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஷிப்ட் முடிந்தால் ஒரு நிமிடம் நிற்க மாட்டார், வண்டியை எடுத்துவிடுவார்.

கிணறு தினமும் எவ்வளவு வாயு கொடுத்தால் பல வருடம் தாங்கும் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. கிணற்றின் வாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, அழுத்தம் இறங்கி ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருப்போம். பிறகு இன்னும் கொஞ்சம் திறப்போம். இப்படி நான்கு முறை. அந்த எண்களை வைத்துக் கோடு போட்டுத்தான் தினசரி அளவை முடிவு செய்வார்கள். மணிக்கு மணி எழுதும்போது மூன்று முறை ஒரே எண் வந்தால்தான் நின்றதாகக் கணக்கு. தப்பாகக் கணித்து அதிகமாக இழுத்தால், அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீர் மேலேறிக் கிணற்றையே அடைத்துவிடும்.

நான்காவது முறை திறந்த நாள், எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவின் கடைசி நாள். சாயங்காலம் சப்பர பவனி. அந்த வருடம் அப்பாவோடு சேர்ந்து நானும் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பதாக இருந்தது. பதிவுக் கருவி பழுதாகிக் கிடந்ததால் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு மணிக்குப் பார்த்த எண்ணையே இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் முன்கூட்டியே எழுதிவிட்டேன்.

காக்கா அழுத்தம் காட்டும் கேஜைத் தட்டிப் பார்த்தார். "ஏலே என்ஜினியரு, முள்ளு இன்னும் நடந்துக்கிட்டுல்லா இருக்கு. ஒங்க ஊரு சப்பரம் மாதிரி. தூரத்துல இருந்து பாத்தா நிக்குத மாதிரி தெரியும்."

"அதெல்லாம் கணக்குல சரியாயிரும் காக்கா. கையெழுத்தப் போடுங்க, நேரமாவுது" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளில் தன் கையெழுத்தைப் போட்டார்.

அந்தத் தாளை நம்பித்தான் அளவு முடிவானது. எட்டாவது மாதம் கிணற்றில் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த மாதம் மூடினார்கள். நிலத்தடிப் பாறையின் குணம் என்று அறிக்கை எழுதினார்கள். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு வேறு கிணறு கொடுத்தார்கள். ஒப்பந்த ஆளான காக்காவுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. அவர் மறுபடியும் விசா வாங்கினார்.

கிளம்பும் நாளன்று காயல்பட்டினம் பேருந்து நிலையத்துக்குப் போனேன். மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, நானும் வாரேன்" என்று அழுதுகொண்டிருந்தாள். அவர் மனைவி அவளது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "காக்கா, அன்னைக்கு நான் பொய்யா எழுதினேன்" என்றேன்.

"தெரியும்லா. நான் பக்கத்துலதான நின்னேன்."

"பெறகு ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஒங்க வீட்டுல மொத மொத படிச்ச புள்ள நீ. ஒரு தாளுக்காவ ஒன்னைய வீட்டுக்கு அனுப்பிருவாவளோன்னு பயந்துட்டேன். கெணத்துக்கு இப்பிடி ஆவும்னு நெனைக்கல. சரி விடு, அழாதலே. பஸ்ஸுல எல்லாரும் பாக்காவ."

மறுநாளே மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனேன். அவர், "அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னொரு நாள் சேத்து டெஸ்ட் எடுத்திருப்போமேப்பா. அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவுதான். ஒரு நாள். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லாமல் போனதால், ஒரு குழந்தை தன் தகப்பனை இன்றைக்கும் செல்போன் திரையில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நினைப்பு வராமல் எந்தத் தாளிலும் என்னால் ஒரு எண்ணைக்கூட எழுத முடிவதில்லை.