ஆளுக்குப் பத்து எண்கள்

அரசுப் பள்ளியில் மாணவர்களுக்குச் செல்போன் கூடாது என்பது சரியா? எனக்கு விடை தெரியவில்லை.

நேற்று மாலை ராசிபுரம் போகும் பேருந்து பஞ்சராகி வழியில் நின்றுவிட்டது. என் பக்கத்தில் இரண்டு பள்ளி மாணவிகள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"இவங்கப்பா அஞ்சு மணிக்கு லாரி எடுத்துட்டு நாக்பூர் கெளம்பறாருங்க. திரும்பி வர ஒரு மாசமாகும்," என்றாள் தோழி. "ஏனுங்கம்மா, ஒரு போன் பண்ணிக்கலாங்களா?"

கொடுத்தேன். அழுதவளுக்குப் பதற்றத்தில் அப்பாவின் எண் நினைவுக்கு வரவில்லை. தோழி யோசிக்காமல் பத்து இலக்கங்களையும் அழுத்தினாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பள்ளிக்கூடத்துல போன் கூடாதுன்னதும், ஆளுக்குப் பத்துப் பேரோட ஊட்டு நம்பரப் பாடம் பண்ணிக்கிட்டமுங்க. இவ என் பங்குல வாரா."

"அங்கயே இரு சாமி, இப்பத்தான் கெளம்புனேன், வண்டியத் திருப்பிக்கிட்டு வாரேன்," என்றது போனில் அப்பாவின் குரல்.

அரை மணி நேரத்தில் லாரி வந்து நின்றது. பேருந்து முழுவதும் அப்பாவையும் மகளையும் பார்த்தது. நான் அந்தத் தோழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை, போனில் பெயர்ப் பட்டியலைத் திறக்காமல் என் மகளின் எண்ணை நானே அழுத்தினேன். "கண்ணு" என்றேன்.

"வெத்தலை மண்டிங்க. எத்தனை கட்டு வேணும்?" என்றார் ஒருவர்.