வேலப்பன் மாமா செத்த சனிக்கிழமை

என் அம்மாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் வேலப்பன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கப்பலேறி, பாகம் பாகமாக வந்துகொண்டிருந்த ஒரு யுத்த நாவலின் தளபதி அவர். அம்மாவுக்கும் எனக்கும் அப்போது எழுத்து தெரியாது. சித்திதான் உரக்க வாசிப்பாள். ஆனாலும் கோட்டையின் எந்த வாசலில் எத்தனை யானை நிற்கிறது என்று எங்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவோம். அம்மா அவரை "எங்கண்ணன்" என்பாள். ஆகவே எனக்கு மாமா.

ஐந்தாம் பாகமும் ஆறாம் பாகமும் ஒரே கப்பலில் வந்து சேர்ந்த சமயம், சித்திக்கு ஒரு வரன் வந்தது. காப்பார் ரப்பர் தோட்டத்துக் கங்காணி. முதல் தாரம் தவறியவர், மீசை பாதி நரைத்தவர். சித்தி வேண்டாமென்று அழுது பார்த்தாள். அப்பா அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்த்து, அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று.

சனிக்கிழமை விளக்கு வைத்ததும் சித்தி ஐந்தாம் பாகத்தைப் பிரித்தாள். முற்றுகை உச்சத்தில் இருந்தது. வேலப்பன் மதிலேறுகிறார், ஈட்டி பாய்கிறது, சாய்கிறார்.

"செத்துட்டாருக்கா" என்று சித்தி புத்தகத்தை மூடினாள்.

அடேயப்பா, அந்த அழுகை! அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குமுறினாள். நான் சோறு வேண்டாமென்று படுத்துவிட்டேன். வேலைக்குப் போயிருந்த அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது.

மறுநாள் சித்தி எனக்குத் தலைவாரி வாசலில் உட்கார வைத்தாள். "யாரு என்ன கேட்டாலும் பொய் சொல்லக் கூடாதுடி, தங்கம்."

அப்பா வெற்றிலை பழம் வாங்க பாசாருக்குப் போயிருந்த நேரம், இரண்டு ரிக்‌ஷாக்கள் வந்து நின்றன. முதலில் இறங்கிய கங்காணியின் அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் பாப்பா கண்ணு இப்படி வீங்கிக் கெடக்கு?"

"வேலப்பன் மாமா நேத்து செத்துட்டாரு. அம்மாவோட அண்ணன்."

அந்த அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். என் அம்மா சரியாக அப்போதுதான் மூக்கை உறிஞ்சினாள்.

"அடப்பாவமே! தீட்டு வீட்டுலயா பொண்ணு காட்டுறாங்க? வண்டியத் திருப்பச் சொல்லு!"

வண்டியை விட்டு இறங்காத கங்காணி, "பாலிக்! பாலிக்!" என்று கத்தினார். ரிக்‌ஷாக்காரச் சீனர் மூச்சு வாங்கி முடிக்கும் முன்பே வந்த வழியே திரும்பி ஓட வேண்டியதாயிற்று.

பழத்தோடு வந்த அப்பா கதையைக் கேட்டுத் திகைத்துப்போனார். "எந்த வேலப்பன்டி? உனக்கு ஏது அண்ணன்?" என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஆள்விட்டு விளக்கமும் சொல்லிப் பார்த்தார். சாவு பொய்யானாலும் சகுனம் சகுனம்தான் என்று காப்பாரிலிருந்து பதில் வந்தது.

அன்று சித்தி ஒரு தட்டுக் கேசரியை எனக்கே கொடுத்துவிட்டாள். உண்மை பேசினால் கேசரி கிடைக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை ஒரு வைத்தியரின் பச்சிலையால் மாமா கண்விழித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பள்ளிக்கூடம் போய் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதும் நான் முதலில் எடுத்தது அந்த ஐந்தாம் பாகத்தைத்தான். அதில் ஈட்டியும் இல்லை, பச்சிலையும் இல்லை. வேலப்பன் மதிலுக்குக் கீழே வீரர்களோடு உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, மாமா சாகவே இல்லையாம்! சித்தி பொய் சொல்லியிருக்கு!"

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஆறாம் பாகம் அலமாரியில இருக்கறப்ப எங்கண்ணன் அஞ்சாம் பாகத்துல எப்படிடி சாவாரு?" என்றாள்.